இடம் மாறிய திரைகள்

தவ்பீக்குக்குக் காஜிமார் தெருவில் வீடு. வயது முப்பத்தொன்று. அலுவலகம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஒரு பைக், தோளில் ஒரு பை, ஓயாமல் அடிக்கும் ஒரு போன். மதுரையில் பத்துப் பதினைந்து கிளினிக்குகளும் கடைகளும் கம்ப்யூட்டர் படுத்தால் அவனைத்தான் கூப்பிடும். கே.கே. நகரில் இருந்த அந்த ஸ்கேன் சென்டரும் அதில் ஒன்று.

அங்கே ஸ்கேன் படங்களைப் பார்ப்பதற்கு இருந்த மென்பொருள் ரொம்பப் பழசு. அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. புது விண்டோஸில் அது ஓடாது. அதனால் போன வருஷம் தவ்பீக் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றை வைத்து, அதற்குள்ளேயே பழைய கம்ப்யூட்டர் ஒன்று ஓடுவது போல ஏற்பாடு செய்து கொடுத்திருந்தான். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். ஒரு மானிட்டரில் ஒரு வருஷம் தொந்தரவில்லாமல் ஓடியது. பிறகு டாக்டர் சீதாலட்சுமி இரண்டாவது மானிட்டர் வேண்டும் என்றார்.

"ஒரே நோயாளியோட பழைய ஸ்கேனும் புது ஸ்கேனும் பக்கத்துல பக்கத்துல தெரியணும் தவ்பீக். அப்பத்தான் கட்டி வளந்திருக்கா, சுருங்கியிருக்கான்னு ஒரே பார்வையில அளக்கலாம். மாத்தி மாத்தித் தொறந்து பாத்து கண்ணு போகுது."

நியாயமான ஆசைதான். ஒரு சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அவன் போய் உட்கார்ந்தான். இரண்டாவது மானிட்டரை மாட்டினால் வெறும் கறுப்புத் திரைதான் வந்தது. உள்ளே ஓடும் மெஷினுக்குக் கொடுத்திருந்த வீடியோ மெமரி ஒரு திரைக்குத்தான் போதும் என்று கண்டுபிடித்து அதைக் கூட்டினான். திரை வந்தது. ஆனால் படம் மானிட்டரைவிடப் பெரிதாக விரிந்து, மேலே ஒரு விரற்கடை வெட்டுப்பட்டுத் தெரிந்தது. வெட்டுப்பட்ட அந்தப் பட்டையில்தான் நோயாளியின் பெயரும் ஸ்கேன் எடுத்த தேதியும் வரும்.

என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். திரையை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் உள்ளே பழைய பதிப்பாக இருந்தது. அதை எடுத்துவிட்டுச் சரியானதைப் போட்டு, இரண்டு தடவை நிறுத்தி ஓட்டி, எந்தத் திரை எந்த மானிட்டரில் வரவேண்டும் என்று கட்டிப்போட வேண்டும். ஒரு மணி நேரமாகும். அதற்குள் அவன் மனைவி சுஃபியா மூன்று தடவை போன் செய்துவிட்டாள். மறுநாள் சித்தப்பா மகனுக்கு நிக்காஹ். தவ்பீக்குக்கு இன்னும் சட்டை எடுக்கவில்லை. விளக்குத்தூண் பக்கம் சாயங்காலமானால் துணிக்கடைக்குள் கால் வைக்க முடியாது.

வெள்ளைத்தாளை இரண்டாகக் கிழித்து, ஒன்றில் 'பழசு' என்றும் மற்றதில் 'புதுசு' என்றும் எழுதினான். பழசை இடது மானிட்டருக்கு மேலும் புதுசை வலது மானிட்டருக்கு மேலும் செலோ டேப்பால் ஒட்டினான்.

"மேல பட்டை மறையுதே?" என்றார் டாக்டர்.

"திங்கக்கெழம வந்து சரி பண்ணிர்றேன் மேடம். அதுவரைக்கும் இத வச்சுப் பாத்துக்கங்க. இடது பக்கம் பழைய ஸ்கேன், வலது பக்கம் புதுசு."

"மாறிராதே?"

"மாறாது மேடம்."

கையோடு வேலைச்சீட்டில் 'வேலை முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். நீலத்தில் கோடு போட்ட சட்டை ஒன்று எடுத்தான். நிக்காஹ் நன்றாக நடந்தது. திங்கட்கிழமை வேறொரு இடத்தில் பிரிண்டர் மக்கர் செய்தது. செவ்வாய்க்கிழமை அவனுக்கு ஸ்கேன் சென்டர் ஞாபகமே வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு டாக்டரே போன் செய்தார்.

"தவ்பீக், மவுஸ் ஏறுக்குமாறா போகுது. வலது திரையோட வலது ஓரத்துல போறது இடது திரையோட இடது ஓரத்துல வந்து மொளைக்குது. ரெண்டு நாளாப் பொறுத்துப் பாத்துட்டேன்."

கேட்டவுடனே பைக்கை எடுத்தான். போய்ப் பார்த்தான். டாக்டர் பக்கத்து அறையில் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரிப்போர்ட் அறையில் யாருமில்லை. மவுஸ் பழைய ஸ்கேன் இருக்கும் முதல் திரையிலிருந்து இரண்டாம் திரைக்குச் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திரைகள்தான் இடம் மாறியிருந்தன. 'பழசு' என்று ஒட்டிய மானிட்டரில் புதுப் படம். 'புதுசு' என்று ஒட்டிய மானிட்டரில் பழைய படம். மெஷின் தானாக எழுதி வைக்கும் பதிவேட்டைத் திரையில் திறந்தான். புதன்கிழமை பதினொன்று நாற்பத்திரண்டுக்குக் கரண்ட் போய் மெஷின் நின்று மறுபடி ஓடியிருந்தது. ஓடும்போது எந்த மானிட்டர் முதலில் விழித்ததோ அதை முதல் திரையாக எடுத்துக்கொண்டுவிட்டது.

புதன் பகலிலிருந்து வெள்ளி காலை வரை டாக்டர் எழுதிய ஒவ்வொரு ஒப்பீடும் தலைகீழ்.

நாற்பது நிமிஷத்தில் எல்லாவற்றையும் சரி செய்தான். டிரைவரை மாற்றினான், திரைகளைக் கட்டிப்போட்டான். படம் அளவாக உட்கார்ந்தது. பெயரும் தேதியும் உள்ள பட்டை மேலே பளிச்சென்று தெரிந்தது. அன்றே செய்திருக்க வேண்டிய அதே வேலை. இரண்டு தாள்களையும் பிய்த்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

டாக்டர் வந்தார். "சரியாயிருச்சா?"

"சரியாயிருச்சு மேடம்."

"என்னவாம்?"

சொல்வதற்கு அதுதான் நேரம். வாயைத் திறந்தவனுக்கு வந்தது வேறு.

"டிரைவர் பிரச்சன மேடம்."

அங்கிருந்து நேரே ஜும்ஆ தொழுகைக்குப் போனான். கைகால் கழுவி ஒளுச் செய்யும்போது குழாயை மூட மறந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்தவர் எட்டி மூடினார்.

தனக்குத்தானே நிறையச் சொல்லிக்கொண்டான். அம்புட்டுப் பெரிய டாக்டர், தேதியைப் பார்க்காமலா எழுதியிருப்பார்? பட்டை மறைந்திருந்தாலும் லிஸ்ட்டில் தேதி இருக்கிறதே. முக்கால்வாசிப் பேருக்கு ஒரு மாற்றமும் இருந்திருக்காது. நோயாளிகளின் சொந்த டாக்டர்களும் படத்தைப் பார்ப்பார்கள்தானே. ஒவ்வொன்றும் கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் பைக்கை எடுக்கும்போது எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. சாப்பாட்டில் கை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து சுஃபியா, "ஒடம்பு சரியில்லையா மச்சான்?" என்று இரண்டு தடவை கேட்டாள். வெயில் என்றான்.

மூன்று வாரம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை ஸ்கேன் சென்டரில் பிரிண்டர் கோடு கோடாக அடிக்கிறது என்று மேனேஜர் பாலமுரளி கூப்பிட்டார். ரிப்போர்ட் தட்டச்சு செய்யும் நாற்காலியில் தெரியாத பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஆறு வருஷமாக அது கனகாவின் இடம். டாக்டர் பேசிப் பதிவு செய்வதைக் காதில் மாட்டிக் கேட்டுக் கேட்டு அவள் தட்டுவாள். தவ்பீக் போகும்போதெல்லாம் "அண்ணே, டீ சொல்லவா?" என்பாள்.

"கனகா லீவா சார்?"

பாலமுரளி குரலைத் தாழ்த்தினார். "அனுப்பியாச்சு தவ்பீக். பேரையூர்லருந்து பேச்சிமுத்துன்னு ஒரு ஆளு. நுரையீரல்ல கட்டி. பதினெட்டு மில்லிமீட்டர் இருந்தது முப்பத்தொண்ணா வளந்திருக்கு. ரிப்போர்ட்டுல முப்பத்தொண்ணு பதினெட்டாச் சுருங்கிருச்சுன்னு இருக்கு. அந்தாளும் சந்தோசமா ஊருக்குப் போயிட்டாரு. ரெண்டு வாரங்கழிச்சு இருமல்ல ரத்தம். அவரப் பாக்குற டாக்டர் படத்தப் பாத்துட்டு எங்களுக்குப் போன் போட்டுக் கத்துறாரு. நம்பர மாத்தி அடிச்சிருக்கா."

"மேடம் பேசுன பதிவக் கேட்டுப் பாத்தீங்களா?"

"அது ஏழு நாள்ல தானா அழிஞ்சிரும். கேட்டத்தான் அடிச்சேன்னு அவ சத்தியம் பண்றா. மேடம் மாத்திச் சொல்லுவாங்களா? இருபத்தஞ்சு வருச டாக்டர்."

தவ்பீக் பிரிண்டரைத் திறந்து டிரம்மைத் துடைத்தான். மை உள்ளங்கையெல்லாம் அப்பிக்கொண்டது. ரிப்போர்ட் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. டாக்டரும் உள்ளேதான் இருந்தார். நான்கு அடி தூரம்தான். அவன் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

அதற்குப் பிறகு நான்கு நாள். பிறகெல்லாம் நினைக்கும்போது, மூன்று வாரத்தைவிட அந்த நான்கு நாள்தான் அவனுக்கு அதிகம் உறுத்தியது. மூன்று வாரம் யாருக்கும் கேடு வந்தது தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். நான்கு நாளும் தெரிந்தே இருந்தான். சொன்னால் அந்த சென்டர் வேலை கையைவிட்டுப் போகும். அந்த சென்டரிலிருந்து மற்ற இடங்களுக்குப் பேச்சுப் போகும். பேச்சிமுத்துவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, வைத்தியம் நடக்கிறது, இனி சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தான். திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு கடையில் பில் போடும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது திடீரென்று ஒன்று தைத்தது: பேச்சிமுத்து ஒருவர்தானா? அந்த இரண்டு நாளில் வேறு யாருக்கும் தலைகீழாக எழுதவில்லையா?

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு, முதல் நோயாளி வருவதற்கு முன்பே போய் நின்றான்.

"மேடம், கனகா மேல தப்பு இல்ல. என் மேலதான் தப்பு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். தவ்பீக் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். சட்டை எடுக்கப் போனது, திங்கட்கிழமை வராதது, கரண்ட் போனது, தாள்களைப் பிய்த்துப் பைக்குள் வைத்தது, டிரைவர் பிரச்சனை என்று சொன்னது. சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் வெளிறியது. அவர் அவனைப் பார்க்கவில்லை, மானிட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நாந்தான் மாத்திச் சொல்லிருக்கேன்" என்றார் மெதுவாக. "அந்தப் பொண்ணு நான் சொன்னத அடிச்சிருக்கா. நானே அவள நிக்க வச்சு, எப்படி இம்புட்டு அசட்டையா இருக்க முடியுதுன்னு கேட்டேன்."

"மேடம், நான் மாறாதுன்னு சொன்னதாலதான்…"

"நீங்க சொன்னீங்க. தேதியப் பாக்காம படிச்சது நான். தேதியப் பாக்குறது உங்க வேல இல்ல, என் வேல. அத நான் உங்க தலையில வைக்க மாட்டேன்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ஆனா அந்த வெள்ளிக்கெழம நீங்க சொல்லியிருந்தா, அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எல்லாரையும் கூப்பிட்டிருப்பேன். பேச்சிமுத்துக்கு ரெண்டு வாரம் மிஞ்சியிருக்கும். அது மட்டும் உங்களோடது."

லிஸ்ட்டை எடுத்தார்கள். புதன் பகலிலிருந்து வெள்ளி காலை வரை பதினான்கு ஒப்பீடுகள். டாக்டர் ஒவ்வொன்றையும் மறுபடி திறந்து அளந்தார். தவ்பீக் பக்கத்தில் நின்று பெயர்களைப் படித்தான். பன்னிரண்டு பேருக்கு மாற்றம் எதுவும் இல்லை. படங்கள் முன்னே பின்னே மாறினாலும் ஒன்றுதான். பதின்மூன்றாவது பேச்சிமுத்து. பதினான்காவது சோணை, வயது நாற்பத்து நான்கு, கீழக்குயில்குடி. மூளையில் காசநோய்க் கட்டி. ஆறு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறவர். கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. இரண்டு மடங்காக வளர்ந்துவிட்டது என்று ரிப்போர்ட் போயிருந்தது.

அவர் பார்த்துவந்த டாக்டருக்குப் போன் போட்டார்கள். ரிப்போர்ட் வாங்கிய பிறகு சோணை வரவேயில்லை என்றார்கள். சோணையின் போன் அணைந்து கிடந்தது.

"நான் போறேன் மேடம்" என்றான் தவ்பீக்.

டாக்டர் புது ரிப்போர்ட்டைத் தானே தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கீழக்குயில்குடியில் சமணர் மலை பக்கத்துத் தெருவில் விசாரித்தபோது உடனே காட்டினார்கள். சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. சோணை கொத்தனார், வாசல் வேப்பமரத்தடியில் கட்டிலில் படுத்திருந்தார். பகல் பதினொரு மணிக்கு வேலைக்குப் போகாத கொத்தனாரைப் பார்க்கவே என்னவோ போலிருந்தது. அவர் மனைவி பஞ்சவர்ணம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அண்ணே, ஸ்கேன் சென்டர்லருந்து வாரேன். நீங்க மாத்திரை சாப்பிடுறீங்களா?"

சோணை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஞ்சவர்ணம்தான் சொன்னாள். "நிப்பாட்டியாச்சு தம்பி. ஆறு மாசம் அந்த மாத்திரையப் போட்டு வயிறு வெந்து போச்சு இவருக்கு. அம்புட்டையும் சாப்பிட்டும் வளந்துருச்சுன்னு எழுதிட்டாங்க. இனிமே எதுக்குன்னு தூக்கிப் போட்டுட்டாரு. போன வாரம் ரெண்டு தடவ வலிப்பு வந்துச்சு. போனையும் அமத்தி வச்சுட்டாரு. யாரோடயும் பேச்சு வார்த்த இல்ல."

தவ்பீக் புது ரிப்போர்ட்டை நீட்டினான். "அக்கா, அது தப்பு ரிப்போர்ட்டு. கட்டி வளரல. பாதியாச் சுருங்கிருச்சு. மாத்திரை நல்லா வேல செஞ்சிருக்கு."

பஞ்சவர்ணம் அவனையே பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சோணை மெல்ல எழுந்து உட்கார்ந்தார். ரிப்போர்ட்டை வாங்கி, படிக்கத் தெரியாதவர் போல முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"நெசமாவா தம்பி?"

"நெசந்தாண்ணே."

சோணை அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சுண்ணாம்பில் வெடித்துச் சொரசொரத்த கைகள். "சாமி மாதிரி வந்து சொன்னீங்க பாய். நான் செத்துப் போறதுக்கு நாள் எண்ணிக்கிட்டுக் கெடந்தேன். இம்புட்டுத் தூரம் நீங்களே தேடி வந்துருக்கீங்களே." பஞ்சவர்ணம் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொன்னாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். ரசம் வைக்கிறேன், ஒரு முட்டை பொரிக்கிறேன் என்றாள்.

இப்படியே எழுந்து போய்விடலாம். அவர்களுக்கு ஒன்றும் தெரியப் போவதில்லை. அந்த நன்றி உடம்பெல்லாம் முள்ளாகக் குத்தியது.

"அண்ணே, கைய விடுங்க. தப்பு நடந்ததே என்னாலதான்."

சொன்னான். கம்ப்யூட்டர் விஷயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், இரண்டு படங்களை மாற்றி மாட்டிவிட்டேன் என்றான். பாதியில் விட்டுவிட்டுப் போனேன் என்றான். தெரிந்த பிறகும் மூன்று வாரம் சொல்லவில்லை என்றான்.

சோணையின் கை தானாகக் கழன்றது. பஞ்சவர்ணம் அடுப்படி வாசலில் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மூணு வாரமா?" என்றாள். "வலிப்பு வந்தன்னைக்கு எம் மக வாயில துணியத் திணிச்சுக்கிட்டு அழுதுச்சு தம்பி. பரீட்சைக்குப் போகல அது."

சோணை ரிப்போர்ட்டைக் கட்டிலில் வைத்தார். "எந்த மாத்திரைன்னு டாக்டர்கிட்டக் கேட்டுச் சொல்லு. முதல்லருந்து சாப்பிடணுமா, விட்ட எடத்துலருந்தா" என்றார். 'பாய்' இல்லை, 'நீங்க' இல்லை. தவ்பீக் அங்கேயே நின்று போன் போட்டுக் கேட்டான். நாளைக்கே வரச் சொன்னார்கள். அனேகமாக மறுபடி முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும் என்றார்கள். அதையும் அவனே அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. சாப்பிடச் சொல்லி அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் அவன்தான் ஆட்டோ வைத்து சோணையையும் பஞ்சவர்ணத்தையும் டாக்டரிடம் கூட்டிப் போனான்.

பேச்சிமுத்துவுக்கு அந்த வாரக் கடைசியில் ஆபரேஷன் நடந்தது. டாக்டர் சீதாலட்சுமி நேரில் போய் அவர் குடும்பத்திடம் பேசினார். கட்டியை எடுத்துவிட்டார்கள். இரண்டு வாரம் முன்னால் எடுத்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்குமா என்று தவ்பீக் கேட்டான்.

"இருந்திருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம்" என்றார் டாக்டர். "அத யாராலயும் சொல்ல முடியாது தவ்பீக்." ஆமாம் என்றாவது இல்லை என்றாவது சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

கனகாவைத் திரும்பக் கூப்பிட்டு பாலமுரளி கடிதம் அனுப்பினார். டாக்டரே போனில் மன்னிப்புக் கேட்டார். கனகா யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னாளாம். ஞாயிற்றுக்கிழமை காலை தவ்பீக் ஆனையூருக்குப் போனான். வீட்டு வாசலில் கனகா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள்.

"வாங்கண்ணே" என்றாள். குரலில் வரவேற்பும் இல்லை, கோபமும் இல்லை.

"மன்னிச்சிரு கனகா."

"ஒண்ணு கேக்கணும். என்ன வேலைய விட்டு அனுப்புனது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல இடம் இருந்தது. செவ்வாய்க்கிழமை தெரிந்தது, அன்றைக்கே சொன்னேன் என்றால் அவளால் மறுக்க முடியாது.

"வெள்ளிக்கெழம. பிரிண்டர் பாக்க வந்தப்ப. நாலு நாள் கழிச்சுத்தான் சொன்னேன்."

கனகா தலையை ஆட்டினாள். எதிர்பார்த்த பதில் போலத்தான் இருந்தது.

"நானே மாத்தி அடிச்சிட்டேனோன்னு நானே நம்ப ஆரம்பிச்சிட்டேண்ணே" என்றாள். "ஒரு உசுரோட வெளையாடிட்டேனேன்னு. நீங்க அந்த நாலு நாளு என்ன பண்ணீங்களோ தெரியாது. நான் நம்பர் நம்பரா எழுதி எழுதிப் பாத்துக்கிட்டிருந்தேன், எனக்கு மூள சரியாத்தான் இருக்கான்னு."

தவ்பீக் குனிந்து நின்றான்.

"உள்ள எங்க வீட்டுக்காரரும் மாமியாரும் இருக்காங்க. கவனமில்லாதவன்னு அவங்களும் என்னச் சொல்லிட்டாங்க. டாக்டரம்மா போன்ல பேசுனத அவங்க கேக்கல. நீங்க வந்து சொல்லுங்க."

"சொல்றேன்மா."

"சுருக்கமாச் சொல்லாதீங்க. எல்லாத்தயும் சொல்லுங்க."

அவன் செருப்பைக் கழற்றினான். கனகா கதவை அகலத் திறந்துவிட்டு, டிவியை நிறுத்தச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தாள்.